பழைய பேட்டரிக்குள் புதிய செல்: ரிச்சி தெருவின் ஒரு கைத்தொழில்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், அதனோடு பின்னிக் கிடக்கும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவற்றிலும் மின்னணுப் பொருள் வணிகத்தோடு பழுதுபார்க்கும் தொழிலும் சேர்ந்தே வளர்ந்துள்ளது. மடிக்கணினியின் பழைய பேட்டரியைத் திறந்து செல்களை மட்டும் மாற்றித் தருவது அத்தொழிலின் ஒரு சிறு கிளை. ‘பேக்கப் நிக்கல’ என்ற இரண்டு சொற்களோடு வாடிக்கையாளர் நீட்டும் கருப்புப் பெட்டியைத் தொழிலாளர் ‘பேக்’ என்கின்றனர். அதைத் திறந்து பார்க்கும்வரை விலை சொல்லாதவரே இத்தொழிலில் நம்பத் தகுந்தவர்.

கழற்றி மாட்டத்தக்க பழைய வகைப் பேக்குகளில் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை வடிவ லித்தியம் அயனிச் செல்கள் இருக்கும். இவ்வளவுகளே ‘18650’ என்ற பெயராயின. ஆறு செல் பேக்கில் இரண்டிரண்டு செல்கள் பக்கவாட்டில் இணையாகவும், அவ்வாறு அமைந்த மூன்று இணைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகவும் கோக்கப்படுவதால், 3.7 வோல்ட் செல்களிலிருந்து 11.1 வோல்ட் கிடைக்கிறது.

பசையிட்டு மூடிய பிளாஸ்டிக் உறையின் விளிம்பில் மழுங்கிய கத்தியைச் செருகி, செல்லில் கீறல் படாமல் மெல்ல நெம்பித் திறந்தபின், முதல் வேலை ஒவ்வோர் இணையின் மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரால் அளப்பதாகும். பல பேக்குகளில் ஓர் இணை மட்டுமே செத்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் செலவு குறையும் என்று வாடிக்கையாளர் வாதிடுவதும், கைதேர்ந்தவர் மறுப்பதும் வழக்கமே. நுகத்தின் ஒருபுறம் கிழ எருதையும் மறுபுறம் இளங்காளையையும் பூட்டினால் வண்டி ஓடுவது கிழத்தின் வேகத்தில்தான். தொடரில் உள்ள வலுவற்ற இணை முதலில் நிரம்பி முதலில் வற்றுவதால், புதிய செல்லில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும்போதே பேக் அணைந்துவிடும். நெடுநாள் மிகவும் வற்றிக் கிடந்த செல்லை மீண்டும் ஏற்றி உயிர்ப்பிப்பதும் தவறு. அந்நிலையில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைந்து, பின்னர் மின்னேற்றும்போது வேறிடத்தில் படிந்து உட்குறுக்குச் சுற்றை உண்டாக்கக்கூடும்.

புதிய செல்களை நிக்கல் பட்டையால் இணைப்பதற்கு ஸ்பாட் வெல்டிங் பயன்படுகிறது. அதாவது, மிகக் குறுகிய நேரம் பாயும் பெரும் மின்னோட்டத்தால் பட்டையும் செல்லின் முனையும் ஒரு புள்ளியில் மட்டும் உருகி ஒட்டுகின்றன. சாலிடரிங் இரும்பின் வெப்பமோ உள்ளே பரவி, நேர்முனைப் படலத்தையும் எதிர்முனைப் படலத்தையும் பிரித்து நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வைக் கெடுக்க வல்லது. வெல்டிங் கருவி வாங்காமல் செல்லின் முனையில் நேரடியாக ஈயம் வைப்பவர்களும் இருப்பதே இத்தொழிலின் பெயரைக் கெடுக்கிறது.

எனினும் தொழிலின் உண்மையான சிக்கல் செல்லில் இல்லை. அதனருகே கிடக்கும் சிறு சுற்றுப் பலகையில் இருக்கிறது. ‘போர்டு’ எனப்படும் அப்பலகை ஒவ்வோர் இணையையும் கண்காணித்து, முழுக் கொள்ளளவு, மின்னேற்றச் சுழற்சிகளின் எண்ணிக்கை முதலியவற்றைத் தன் நினைவகத்தில் எழுதி வைத்து, மடிக்கணினிக்குத் தெரிவிக்கிறது. செல்களை வெட்டி எடுத்தவுடன் மின்சாரம் இழக்கும் சில போர்டுகள், அதை நிரந்தரப் பழுதாகப் பதிந்துகொண்டு பூட்டிக்கொள்கின்றன. வேறு சில தம்மிடமுள்ள உருகியைத் தாமே எரித்துவிடுகின்றன. இதனால் வெளி மின்வழங்கியிலிருந்து அதே அழுத்தத்தைக் கொடுத்துப் போர்டை விழித்திருக்கச் செய்துகொண்டே செல்களைக் கழற்றுவோர் உண்டு. மீண்டும் இணைக்கும்போது எதிர்முனைக் கம்பியில் தொடங்கி, இடைக் கம்பிகளை ஏறுவரிசையில் சேர்த்து, நேர்முனையை இறுதியாகப் பொருத்துவர். போர்டு விழித்தாலும் பழைய கொள்ளளவையே நம்பிப் பாதியில் அணைத்துவிடலாம்; முழுதும் ஏற்றி, வற்றவிட்டு, மறுபடி ஏற்றினால் அது பெரும்பாலும் திருந்தும். திருந்தாதவற்றின் நினைவகத்தைத் தனிக் கருவியால் திருத்தி எழுதத் தெரிந்தவர்கள் சிலரே. தவறான செல்லைத் தடுக்கப் பூட்டு தேவை என்பது நியாயம். ஆனால் தேர்ந்த பழுதுபார்ப்பவருக்கும் சாவி தராத பூட்டு, பாதுகாப்போடு புதிய பேட்டரி விற்பனையையும் காக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

செல்லின் தரம் குறித்த எச்சரிக்கையும் வீண் அன்று. 2006-இல் டெல் நிறுவனம் சோனி செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் மடிக்கணினிப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. செல்லுக்குள் கலந்த நுண்ணிய உலோகத் துகள்களே அதற்குக் காரணம். பெரிய ஆலையின் நிலையே இதுவென்றால், உறைமீது 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு வரும் போலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 18650 அளவுள்ள நல்ல செல்லின் கொள்ளளவு பெரும்பாலும் 3500-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் நிற்கும், எடையும் 45 கிராமை ஒட்டியே இருக்கும்.

கழித்த செல்களைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. ஆகவே அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாமல் சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதே முறை. செல் மாற்றக் கொடுப்பவர், உறையை ஒட்டுவதற்கு முன் ஒவ்வோர் இணையின் மின்னழுத்தத்தையும் மீட்டரில் காட்டும்படி கேட்க வேண்டும். அண்மைக்கால மெல்லிய மடிக்கணினிகளில் உள்ள தட்டையான பாலிமர் செல்கள் உப்பியிருந்தால் இந்தக் கைத்தொழிலை நாடாமல், மின்னேற்றுவதை உடனே நிறுத்திப் புதிய பேட்டரியே வாங்க வேண்டும்.