போடிமெட்டுக்கு ஏறும் வழியில்

முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை எதிரே சுவராக எழுந்து நின்றது. விடிந்தும் விடியாத நேரம். ஜீப்புகள் என்னை முந்திக்கொண்டு வரிசையாக ஏறின. ஒவ்வொன்றிலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இது. போடிமெட்டை எட்டுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு ஏறி வண்டியை ஓரங்கட்டினேன். தடுப்புச் சுவருக்குக் கீழே உண்ணிச்செடிப் புதருக்குள் ஒற்றையடித் தடம் ஒன்று தெரிந்தது. இறங்கி நடந்தேன். பத்தடியிலேயே முழங்கால் வலித்தது. அவ்வளவு செங்குத்து! அந்தக் காலத்தில் இந்தத் தடத்தில் ஏறிய தலைச்சுமைக்காரருக்குச் சீக்கிரம் போய்ச் சேரவேண்டும். அதனால் அவர் கால் நேரே ஏறியது. சக்கரத்துக்கு அந்தச் சரிவு ஆகாது. சாலை சுற்றிச் சுற்றி ஏறுவது அதனால்தான்.

மெட்டுக்கு அப்பால், மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலையை 1877இல் பூஞ்சார் அரசரிடம் பிரிட்டிஷ்காரரான மன்றோ குத்தகைக்கு எடுத்தார். காடு தோட்டமானது. தேயிலை இறங்க டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம் கட்டினார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரயில்கூட ஓடியது. 1924 பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. ஆனால் தோட்டத்து ஆட்கள் நடந்துதான் ஏறினார்கள். அரிசி மூட்டை கழுதை முதுகில் போனது. போடிப் பக்கத்தில் 'கழுதைப்பாதை' என்ற சொல் இன்றும் புழங்குகிறது.

மெட்டில் டீக்கடை வாசலில் ஒரு பாட்டி பேசினார்: "எங்க ஆத்தா என்னைய இடுப்புல வச்சுக்கிட்டே ஏறுச்சு தம்பி. வழியில தண்ணி கண்ட எடத்துலதான் ஒக்காரும்."

மெட்டிலிருந்து மூணாறுவரை 42 கி.மீ. சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அந்த வேலையின்போது வழியிலுள்ள கேப் ரோட்டில் பாறைகள் பெயர்ந்து சரிந்தன. கழுதைப்பாதை மலையை இப்படி அறுத்ததில்லை. ஆனாலும் சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செங்குத்தில் பிள்ளையைச் சுமந்து ஏறியவர்களுக்கு முதலில் சேரவேண்டிய சாலை அது.

சாயங்காலம் அதே ஜீப்புகள் அதே நெருக்கத்தோடு இறங்கின. அந்த ஒற்றையடித் தடத்தைப் போட்டவர்களின் பேத்திகள் அவற்றில் இருக்கிறார்கள். அவர்கள் வேலை நேரத்துக்குத் தோதாக, காலையும் மாலையும் கூடுதல் பேருந்துகளை தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரண்டு மாநில அரசுகளும் விடவேண்டும்.