சிரித்தது யார்?

பவானியில் ஜமக்காள நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோர் தமிழ்வழியில் படிப்பவர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்திருந்தும் வாக்கியம் பிடிபடாமல் திணறுவார்கள். அதற்கு மருந்தாக இன்னொரு சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் வழக்கமாக இருக்கிறது. குறை சொற்களில் இல்லை. எது எதோடு சேர்கிறது என்று பார்க்க யாரும் பழக்கவில்லை.

'தி வீவர் சென்ட் தி யார்ன் ஸ்மைல்டு' என்று பலகையில் எழுதுவேன். நெசவாளி நூலை அனுப்பினார் என்று மடமடவென வந்து, கடைசிச் சொல்லில் நின்றுவிடுவார்கள். "அப்ப சிரிச்சது யாருங்க சார்?" அருமையான கேள்வி. சிரித்தது நெசவாளிதான், அனுப்பியவர் வேறு யாரோ. யாருக்கு நூல் அனுப்பப்பட்டதோ அந்த நெசவாளி சிரித்தார் என்பதே பொருள். 'சென்ட்' இங்கே வினைமுற்று அல்ல, நம் பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. 'வீவர்' என்பதை அடுத்து 'ஹூ வாஸ்' என்று சேர்த்து வாசித்தால் சிக்கல் தீர்ந்தது.

தமிழில் இந்தத் தடுமாற்றம் வராது. 'அனுப்பினார்' என்ற வினைமுற்றில் ஆளைக் காட்டும் விகுதி உண்டு. 'அனுப்பிய' என்ற பெயரெச்சத்தில் அது இல்லை, பெயருக்கு முன்னாலேயே வந்தும் விடுகிறது. ஆங்கிலத்தில் பல வினைகளுக்கு இரண்டும் ஒரே வடிவம். போதாததற்கு, அடைத்தொடர் பெயருக்குப் பின்னால் வருகிறது. ஆங்கிலம் தாய்மொழியானவர்களே இடறும் இடம் இது. அமெரிக்க உளமொழியியலாளர் தாமஸ் பீவர் 1970இல் எடுத்துக்காட்டிய, ஒரு குதிரையைப் பற்றிய ஆங்கில வாக்கியமும் இதே வகைதான். வாசிக்கும் மனம் எப்படி அவசரப்பட்டு முடிவெடுக்கிறது என்பதற்கு இன்றும் அதையே எடுத்துக்காட்டுகிறார்கள்.

இப்படிப் பகுத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. நன்னூல் செய்த பவணந்தியின் ஊர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம் என்று கொங்கில் சொல்வார்கள். செய்யுளின் சொற்களை எப்படி இணைத்துப் பொருள் கொள்வது என்று அவர் எட்டு வகைப் பொருள்கோள் சொல்லியிருக்கிறார். ஆற்றுநீர்ப் பொருள்கோளில் பொருள் நம் காவிரிபோல நேரே போகும். கொண்டுகூட்டில் எங்கெங்கோ கிடக்கும் சொற்களைத் தேடியெடுத்துச் சேர்க்க வேண்டும். அதைப் பழகிய பிள்ளை எந்த ஆங்கில வாக்கியத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாக்கியத்தைப் பிரித்துக் காட்டும்போது தமிழில் பேசத் தயங்காதீர்கள். வினைமுற்று எது, அதன் எழுவாய் எது என்று முதலில் கேளுங்கள். மீதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.