வெள்ளைத் துணியில் ஒளிய இடமில்லை

கோட்டு தைப்பவனுக்குத் தப்பிக்க வழிகள் உண்டு. உள்ளே கேன்வாஸ் இருக்கிறது, லைனிங் இருக்கிறது, தோளில் பேட் இருக்கிறது. கோணலை எதற்குப் பின்னாலாவது மறைத்துவிடலாம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே வெள்ளையாக இறங்கும் அரபு அங்கியில் அது நடக்காது. லைனிங் கிடையாது, கட்டம் கிடையாது, கோடு கிடையாது. ஒரு நூல் இறுகியிருந்தால் எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக்கூடத் தெரியும். பார்ப்பதற்கு இதைவிட எளிய ஆடை இல்லை, தைப்பதற்கு இதைவிடக் கடினமானதை நான் பார்த்ததில்லை.

பெங்களூர் சிவாஜி நகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் என் கடை இருக்கிறது. கல்யாண சூட், ஆபீஸ் சட்டை, ஷெர்வானி எல்லாம் தைக்கிறோம். மனசு ஒன்றி நிற்பது இந்த அங்கியில்தான். இந்த ஊரில் இதை யார் போடுகிறார்கள் என்று கேட்பார்கள். பெருநாள் தொழுகைக்கு நம் பிள்ளைகள் ஆளுக்கொன்று தைத்துக்கொள்கிறார்கள். படிக்க வந்த ஏமன், சூடான் மாணவர்கள் வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஓமான் குடும்பத்துப் பெரியவர்கள், நோயாளிக்குத் துணையாக இருக்கும் நாட்களில் பொழுதுபோகாமல் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு என் கடை வாசலில் நிற்பார்கள். தொங்கும் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள். அவர்களில் பலர் இந்தி பேசுவார்கள். அதனால் பேச்சுக்குக் குறைவே இராது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் குவைத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் ராணுவம் உள்ளே வந்தபோது எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானத்தில் ஊர் திரும்பிய சுமார் 1,70,000 இந்தியர்களில் ஒருவர். கையில் கொண்டுவந்தது ஒரு கத்தரி. அந்தக் கத்தரியை வைத்து இங்கே கடை போட்டார். நான் ஆம்பூரிலிருந்து காஜா பையனாக அவரிடம் சேர்ந்தேன். காஜா, பட்டன், ஹெம்மிங், அப்புறம் பக்கத் தையல் என்று படிப்படியாகத்தான் விட்டார். கத்தரியை மட்டும் லேசில் தரவில்லை. "தம்பி, முதல்ல ஆளைப் பாரு. அப்புறம்தான் டேப்பை எடு" என்பார். இன்றைக்கும் யாராவது கடைக்குள் நுழைந்தால் எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்றுதான் என் கண் முதலில் பார்க்கும்.

வெளியாருக்கு எல்லா அரபு அங்கியும் ஒன்றுபோலத் தெரியும். தையல்காரனுக்குக் கழுத்தைப் பார்த்தால் போதும், நாடு தெரிந்துவிடும். சவூதிக்காரருக்குக் காலர் விறைப்பாக நிற்க வேண்டும், இரண்டு பட்டன், கையில் கஃப் லிங்க். குவைத்துக்குக் காலரில் ஒரே பட்டன், உடம்போடு ஒட்டிய வெட்டு. பஹ்ரைன்காரர் மெத்தென்ற சட்டைக் காலரும் கொஞ்சம் தளர்வும் கேட்பார். கத்தாரில் பளபளப்புள்ள துணி பிடிக்கும். அமீரகத்தில் காலரே கிடையாது. வட்டக் கழுத்தும், அதிலிருந்து தொங்கும் நீளமான குஞ்சமும்தான் அடையாளம். ஓமானிலும் காலர் இல்லை. குஞ்சம் குட்டையாக இருக்கும், கழுத்தைச் சுற்றி மெஷின் எம்ப்ராய்டரி வரும், வெள்ளையோடு நிற்காமல் காவி, சாம்பல், ஊதா என்று நிறங்களும் போடுவார்கள். அந்தக் குஞ்சத்தை ஓமானில் ஃபுராகா என்பார்கள், அமீரகத்தில் தர்பூஷா என்பார்கள். இரண்டு ஊரிலும் அதை அத்தரில் தோய்த்துக்கொள்வார்கள். சூடானியர் ஜலாபியா மிக அகலம். அங்கே அன்ஸார் பிரிவினர் அணிவது முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும், எந்தப் பக்கத்தையும் முன்பக்கமாகப் போட்டுக்கொள்ளலாம்.

காலர் இல்லாத கழுத்தைத்தான் நான் தொழிலின் உச்சம் என்பேன். முன்கழுத்து அரை விரல் இறங்கினால் உள்ளே பனியன் தெரியும். அரை விரல் ஏறினால் தொண்டைக் குழியில் இடிக்கும், தொழுகையில் ருகூவுக்குக் குனியும்போது பின்கழுத்தைப் பிடித்து இழுக்கும். அதனால் முதலில் கழுத்தைச் சின்னதாகத்தான் வெட்டுவேன். தோளை மட்டும் இணைத்து, ஆளுக்குப் போட்டுப் பார்த்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிப்பேன். எடுத்த துணியைத் திரும்ப வைக்க முடியாது. வெட்டிய வட்டம் கைபட்டு இழுபடாமல் இருக்க உடனே விளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும். கழுத்து விறைப்பாக நிற்க உள்ளே பியூசிங் ஒட்டும்போது இஸ்திரிச் சூடு குறைந்தால், இரண்டு சலவையில் கழுத்து கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். அதன் மேல் எவ்வளவு அழகாக எம்ப்ராய்டரி போட்டாலும் பிரயோஜனமில்லை.

துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் நல்ல அங்கித் துணி என்றால் பெரும்பாலும் ஜப்பான் துணிதான். டொயோபோ, ஷிகிபோ என்று மில் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். பாலைவன வெயிலுக்கு பாலியஸ்டரா என்று நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் புரியும். பாலியஸ்டரை இழையாக அப்படியே விடாமல், பஞ்சு மாதிரி துண்டாக்கி நூற்று, நன்றாக முறுக்கேற்றி நெய்த துணி அது. உடம்பில் ஒட்டாது. மெல்லிசாக இருந்தும் உள்ளே இருப்பது தெரியாது. காலையில் போட்டது இரவு வரை கசங்காது, தினம் சலவைக்குப் போனாலும் வெளுப்பு மங்காது. வெள்ளையிலேயே நீலம் ஓடிய வெள்ளை, பால் வெள்ளை, தந்தம் போன்ற வெள்ளை என்று ரகங்கள் உண்டு. ஒரே அங்கிக்கு இரண்டு தானிலிருந்து துணி எடுத்தால் பகல் வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தத் துணிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பருத்தியும் கம்பளியும் மன்னிக்கும். கொஞ்சம் நீராவி காட்டி இழுத்தால் சுருக்கம் போய்விடும். இது மன்னிக்காது. பிரித்துத் தைத்தால் பழைய ஊசித் துளை அப்படியே நிற்கும். முண்டாவிலிருந்து கணுக்கால் வரை ஒரே நேர்த்தையல். அந்த நீளத்தில் நூல் இறுகினால் பக்கவாட்டில் அலை அலையாகச் சுருக்கம் விழும், எந்த இஸ்திரியும் அதை எடுக்காது. அதனால் வெட்டியதில் மிஞ்சிய துண்டில் இரண்டு சாண் தைத்து, நனைத்து, தேய்த்து, ட்யூப் லைட்டில் பிடித்துப் பார்த்த பிறகே அங்கியில் கை வைப்பேன். ஊசி ஒன்பதாம் நம்பர், அதற்கு மேல் போகக் கூடாது. மேல்நூலைத் தளர்த்தி, அதற்கேற்பப் பாபின் கேஸ் திருகையும் கால் சுற்று விட வேண்டும். தையல் ரொம்பப் பொடியாக வேண்டாம். வலது கை முன்னால், இடது கை பின்னால், துணியை இழுக்காமல் விறைப்பாகப் பிடித்து, மெஷினை ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். நடுவில் நிறுத்த நேர்ந்தால் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதுதான் நிறுத்த வேண்டும். முடிந்ததும் கட்டை விரலைத் தையல் மேல் ஓட்டிப் பார்ப்பேன். கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். ஜூக்கி மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வேலை கையில்தான் இருக்கிறது.

சாக்பீஸில் நீலமும் சிவப்பும் இந்த மேஜைக்கு வரக் கூடாது. அடையாளத்துக்கு ஓரத்தில் கத்தரி முனையால் ஒரு கிள்ளு போதும்.

பக்கத்தில் சேர்க்கும் துண்டுக்குக் கலி என்று பெயர். அது கீழே விரிந்து வருவதால் அதன் ஒரு ஓரம் குறுக்காக ஓடும். குறுக்கு வெட்டுத் துணி தன் கனத்தில் தானே இறங்கும். தைத்த அன்றே கீழ்மடிப்பு அடித்தால் ஒரு வாரத்தில் இரு பக்கமும் தொங்கிவிடும். ஓர் இரவு ஹேங்கரில் விட்டு, மறுநாள் ஆளை நிறுத்தி மட்டம் பார்த்துத்தான் மடிப்பேன். வயிறு பெருத்தவருக்கு முன்பக்கம் கூடுதல் நீளம் கொடுக்காவிட்டால் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். அளவெடுக்கும்போது ஆளைக் குனியச் சொல்வேன், சம்மணம் போடச் சொல்வேன், ஸஜ்தாவுக்குப் போய் எழச் சொல்வேன். நின்றபடி அழகாக இருக்கிற ஆடையை விட, தொழுகையில் தொந்தரவு தராத ஆடைதான் சரியான ஆடை.

இதையெல்லாம் முழுசாகக் கற்றது, பிறகு வேலைக்குப் போன மஸ்கட்டில். ரூவியில் நம்மவர் தையல் கடைகள் வரிசையாக இருக்கும். மலையாளி, தமிழர், பாகிஸ்தானி, வங்காளி எல்லோரும் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்திருப்போம். பீஸ் ரேட். ரமலான் பிறந்துவிட்டால் இரவு தராவீஹ் தொழுகை முடிந்து ஆரம்பித்து, விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாடு வரை மெஷின் ஓடும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போக நினைத்த நேரத்தில் போக முடியாது. அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது. அதே மண்ணில் பார்த்த ஒரு காட்சியும் மறக்க முடியாதது. பெருநாள் அன்று காலை, நாங்கள் இரவெல்லாம் தைத்த துணிகளை உடுத்தி, தலையில் முஸர் என்ற தலைப்பாகை கட்டி, இடுப்பில் கஞ்சர் என்ற குத்துவாள் செருகி, தாத்தாவும் பேரனுமாகத் தெருவில் வருவார்கள். அந்த முஸரில் உயர்ந்த ரகம் காஷ்மீர் பஷ்மினா. கஞ்சர் செய்யும் கலையை 2022-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு நாட்டின் அடையாள உடையில் ஜப்பான் துணி, காஷ்மீர் சால்வை, ஆம்பூர்க்காரன் தையல் எல்லாம் இருக்கிறது. அதனால் அது அவர்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. கழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர்கள்தான். நாங்கள் அதைக் கற்றுக்கொண்டவர்கள்.

அரபு நாடுகளோடு நமக்குள்ள இந்த உறவு எண்ணெய்க் காலத்தில் தொடங்கியதும் இல்லை. பாய்மரக் கப்பலில் இங்கிருந்து துணி போனது. வளைகுடா நாடுகளில் நம் ரூபாயே புழங்கியது. அதற்கென்று ரிசர்வ் வங்கி 1959-இல் தனி நோட்டே அச்சிட்டது. அரபு மண்ணிலிருந்து இங்கே வந்ததும் உண்டு. கோவையில் 1974-இல் உருவாக்கிய சுவின் பருத்தி, இந்தியாவிலேயே மிக நீண்ட இழை உடைய ரகம். அதன் பெற்றோரில் ஒன்றான சுஜாதா, எகிப்தின் கர்னக் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. சுவின் நூலில் நெய்த சட்டைத் துணியை வெட்டும்போது கத்தரி சத்தமே மாறும். அந்தத் துணிக்குள் நைல் நதிக்கரையும் இருக்கிறது என்று என்னிடம் பழகும் பையன்களுக்குச் சொல்வேன்.

பெங்களூருக்கு வருகிறேன். இதுவும் மில்கள் இருந்த ஊர்தான். பின்னாளில் பின்னி கம்பெனியின் நிர்வாகத்துக்குப் போன மில் 1884-இல் தொடங்கியது. மினர்வா மில்லின் பெயரை 1980-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். அங்கே துணி நெய்தார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. மில்கள் போய் கார்மென்ட்ஸ் வந்தது. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் லட்சக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்கள், உலகத்துக்கே சட்டை தைக்கிறார்கள். 2016 ஏப்ரலில் பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதியின் விதி மாற்றத்தை எதிர்த்து ஓசூர் சாலையில் இறங்கி, அந்த விதியையே திரும்பப் பெற வைத்தவர்கள் இந்தப் பெண்கள்.

அவர்களின் கைவேகம் எனக்குக் கிடையாது. கஃப் வைப்பவருக்கு நாளெல்லாம் கஃப், காலர் வைப்பவருக்கு நாளெல்லாம் காலர். டார்கெட் முடிக்க வேண்டும். இருபது வருஷம் சட்டை தைத்த ஒருவர் ஒரு முழுச் சட்டையை வெட்டியது இல்லை. அது அவர் குற்றமில்லை, வேலையை அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏற்றுமதிக்கு அது தேவைப்படலாம். தொழில் தெரிந்த கைக்கு அது அநியாயம்.

அந்த வேலையை விட்டு வந்த இரண்டு அக்காக்கள் இப்போது என் கடையில் இருக்கிறார்கள். ஒருவர் பீன்யாவில் பக்கத் தையல் வரிசையில் இருந்தவர். பாலியஸ்டரில் சுருக்கம் விழாமல் தைக்க அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் தைப்பதைப் பார்த்து, நான் பிடிக்கும் முறையில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். வெட்டுவதை மட்டும் அவர் என்னிடம் கற்கிறார். அறுபது அங்குலப் பன்னாவில் மூன்றரை மீட்டரை மேஜையில் விரித்து, முன்பக்கம், முதுகு, கை, கலி என்று எங்கே எது வரும் என்று அவரே முடிவு செய்கிறார். மிச்சத் துண்டில் பாக்கெட்டும் குஞ்சத்தின் பட்டியும் எடுக்கிறார். இந்த ஊரில் கார்மென்ட்ஸ் வேலையை விட்டு நிற்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டிங் மாஸ்டர்களே, அவர்களுக்குக் கத்தரியைக் கொடுங்கள். பாதி வேலை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பெருநாளுக்குத் தைக்கக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரமலானின் கடைசிப் பத்து நாளில் ஓடிவராமல் அதற்கு முந்தைய ஷஅபான் மாதத்திலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள். அளவு கொடுக்க வரும்போது பெருநாள் அன்று போடப்போகிற செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள். ஒரு தடவை போட்டுப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். கழுத்து சரியாக அமைய அந்த ஒரு தடவை கட்டாயம் வேண்டும்.