ஒரு காலா, ரெண்டு காலா?

லண்டன்ல நான் வேலை பார்க்கிற கிளினிக்குக்கு பிரேசில்காரங்க நிறைய வர்றாங்க. மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் பேஷண்ட் சொல்றது நேரடியா காதுல விழணும்னு போர்ச்சுகீஸ் கத்துக்கிட்டு வர்றேன். அதுல ரசிச்ச ஒரு விஷயத்துக்குத்தான் இந்த த்ரெட்.

'பெர்னா'ன்னா கால். ஒரு கால்னா 'ஆ பெர்னா', ரெண்டு கால்னா 'ஆஸ் பெர்னாஸ்'. இது புத்தகத்துல. பேச்சுல பலர் கடைசி ஸ்-ஐ விட்டுட்டு 'ஆஸ் பெர்னா'ன்னு முடிச்சிடுவாங்க. பன்மையோட மொத்த பாரமும் முன்னாடி இருக்கிற அந்த ஒத்தை ஸ் மேலதான்.

ஃபோன்ல கேட்கிற டாக்டருக்கு இது சின்ன விஷயமா? ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கினா ரத்தக்குழாய்ல கட்டி உறைஞ்சிருக்குமோன்னு பயப்படுவோம், அன்னைக்கே பார்க்கணும். ரெண்டும் வீங்கினா யோசனை பெரும்பாலும் இதயம், கிட்னி, கல்லீரல்னு போகும். (நான் எப்பவும் "ஒண்ணா, ரெண்டா?"ன்னு திருப்பிக் கேட்டுடுவேன், அது வேற.)

கண் இன்னும் சுவாரசியம். ஒரு கண் 'ஓல்யு', ரெண்டு கண் 'ஓல்யுஸ்'. எழுத்துல ரெண்டுக்கும் ஒரே ஓ. ஆனா ஒருமையில உதடு நல்லா குவியும், நம்ம 'ஓடு' மாதிரி. பன்மையில வாய் திறக்கும், லண்டன்காரங்க 'டாக்டர்'னு சொல்றப்போ வர்ற முதல் உயிர் மாதிரி. அதனால கடைசி ஸ் தேய்ஞ்சு போனாலும் அந்தத் திறந்த ஓ பல பேர் வாயில அப்படியே நிக்குது.

இதோட விடல. 'ஊஸ் ஓல்யுஸ்'னு வேகமா சொன்னா முன்னாடி இருக்கிற ஸ் அடுத்த ஓ-வோட ஒட்டிக்கும். அப்படி ஒட்டியே பேச்சுவழக்குல கண்ணுக்கு 'ஸோயு'ன்னு பேர் வந்துடுச்சு. ஒத்தைக் கண்ணையும் அப்படித்தான் சொல்றாங்க!

தாத்தா, பாட்டி ரெண்டுமே 'அவோ'. ஆண்பால், பெண்பால் விகுதிகள் லத்தீன்ல இருந்து வர்ற வழியிலேயே கரைஞ்சு போச்சு. குவிஞ்ச ஓ தாத்தா, திறந்த ஓ பாட்டி. குடும்பத்துல யாருக்கு என்ன வியாதின்னு எழுதும்போது உதட்டைப் பார்த்துக்கிட்டே எழுதுவேன்.

நாமளும் 'மரம்', 'அவன்'னு எழுதுறோம். பேசுறப்போ கடைசி மெய் காணாம போய், மூக்கொலி மட்டும்தான் மிஞ்சுது. அதை யாரும் தப்புன்னு சொல்றதில்ல.

பிரேசில்ல ஸ்-ஐ விட்டா படிக்காதவங்கன்னு ஒரு இளக்காரம் உண்டு. 2016-ல அங்க ஒரு டாக்டர், பேஷண்ட் நிமோனியாவை 'பெலெயுமோனியா'ன்னு சொன்னதைக் கிண்டல் பண்ணி, ஒரு தாள்ல எழுதி சோஷியல் மீடியால போட்டார். நாடு முழுக்க கொந்தளிச்சு, ஆஸ்பத்திரி அவரை விலக்கிடுச்சு. என்ன வியாதியைச் சொல்றார்னு அந்த டாக்டருக்கு நல்லாவே புரிஞ்சிருந்தது.