காகிதக் கொக்கும் கண்ணிக் கொக்கும்



ஒரு சதுரத் தாள். கத்தரி வேண்டா; பசை வேண்டா. பொறுமையாய் மடித்துக்கொண்டே போனால் அது பறவையாகும். வாலைப் பிடித்து இழுத்தால் சிறகடிக்கவும் செய்யும். இக்கலையை ஜப்பானியர் ஒரிகாமி என்பர். குருமடத்தில் பயின்ற நாளில் உடன்மாணவர் ஒருவர் இதனை நமக்குக் கற்றுத் தந்தார். நெடுங்காலம் மறந்திருந்த அவ்வித்தை அண்மையில் நமக்கே ஒரு பாடம் புகட்டிற்று.

ஆண்டுதோறும் பிப்ரவரி 2-ஆம் நாள் உலக ஈரநில நாள். 1971-இல் அந்நாளில்தான் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. அதன் பட்டியலில் நமது காவிரிப் படுகையின் கோடியக்கரை 2002-இல் இடம்பெற்றது. வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் 2022-இல் சேர்ந்தன. ஏரி என்றால் பாசனத்துக்கு மட்டுமே என்று எண்ணி வளரும் நம் சிறாருக்கு, அது ஆயிரமாயிரம் பறவைகளின் இல்லமும் ஆகும் என்று உணர்த்த விரும்பினோம். ஆகவே அந்நாளையொட்டிய ஞாயிறன்று, மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும், பழைய நாட்காட்டித் தாள்களைச் சதுரமாக வெட்டிக் கையில் கொடுத்து அமர்த்தினோம்.

கொக்கு, மீன், ஆமை என ஒவ்வொன்றாக மடித்தோம். நீர்நாயை மடிக்க மட்டும் நமக்குத் தெரியவில்லை. "அது வாய்க்காலிலே குடும்பமா வருமாம் சாமி, எங்க அப்பாயி பார்த்திருக்காங்களாம்" என்றாள் ஒரு சிறுமி. வகுப்பில் வேறெவரும் நீர்நாயைக் கண்டதில்லை.

அப்போது பின்வரிசைச் சிறுவன் ஒருவன் தன் காகிதப் பறவையை உயர்த்திக் காட்டினான். "சாமி, மடையான் இப்படிக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்காது. உள்ளே இழுத்துக்கிட்டுக் கூனி நிக்கும். எங்க அப்பா கண்ணி வச்சுப் பிடிக்கும்போது பார்த்திருக்கேன்."

பறவைகளைப் பிடிப்பது தவறு என்று நாம் தொடங்கினோம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையும் எடுத்துரைத்தோம். சிறுவன் குற்றம் சாட்டும் எண்ணம் சிறிதுமின்றி, வெள்ளை மனத்தோடு கேட்டான்: "போன மாசம் வீடு மந்திரிச்சப்ப நீங்களும் மடையான் வறுவல் சாப்பிட்டீங்களே, சாமி?"

உண்மைதான். சாப்பிட்டோம், சுவையாக இருக்கிறதென்று பாராட்டியும் வைத்தோம். ஐம்பதைக் கடந்த குருவானவர் பத்து வயதுச் சிறுவன் முன் தலைகுனிந்து நின்றோம். "ஆம் தம்பி, தவறு செய்தோம்" என்பதைத் தவிர வேறு மறுமொழி இல்லை.

அன்று மாலை அச்சிறுவனின் இல்லம் சென்றோம். தந்தை நம்மை வரவேற்றுப் பாய் விரித்தார். "நடவும் அறுப்பும் இருந்தாத்தான் கூலி, சாமி. மத்த நாளுக்கு என்ன செய்யறது? வாங்கறவங்க இருக்கிறதாலே பிடிக்கிறேன்" என்றார். வாங்கியவர் வீட்டில் உண்டவரன்றோ நாம்? அறிவுரை கூற நா எழவில்லை. கதை ஒன்றைச் சொன்னோம்.

அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்ற ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகி, ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது கிட்டும் என்ற நம்பிக்கையோடு மருத்துவமனையில் தாள் மடித்தாள். 1955-இல் தன் 12-ஆம் வயதில் இறந்தாள். அவள் கதையை உலகறியும். அவள் மடித்த அந்தச் செந்தலைப் பெருங்கொக்கின் கதையைப் பலர் அறியார். வேட்டையாலும் சதுப்பு நிலம் அழிந்ததாலும் அது ஜப்பானில் அற்றுப்போயிற்றென்றே கருதினர். 1924-இல் ஹொக்கைடோத் தீவின் குஷிரோ சதுப்பில் எஞ்சிய சிலவற்றைக் கண்டனர். 1950-களின் கடுங்குளிரில் பட்டினி கிடந்த அவற்றிற்கு அவ்வூர் உழவர்கள் தம் மக்காச்சோளத்தை இறைத்து உயிரூட்டினர். இன்று அவை ஆயிரத்துக்கும் மேல். காகிதத்தில் ஆயிரம் மடித்த நாட்டில் உயிருள்ள ஆயிரத்தைத் தந்தவர்கள் ஏழை உழவர்களே!

அவர் நெடுநேரம் பேசவில்லை. "நம்ம வயல் நண்டையும் புழுவையும் தின்னுட்டுப் போறதுதானே இதுவும்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில், எவர் இல்லத்து விருந்திலும் இனி அக்கறியைத் தொடமாட்டோம் என்று மக்கள் முன் அறிவித்தோம். நாம் உண்டதையும் மறைக்கவில்லை. சிலர் நகைத்தனர், சிலர் தலை கவிழ்ந்தனர். நூறு நாள் வேலை அட்டை இல்லாதிருந்த அத்தந்தைக்கு விண்ணப்பம் எழுதவும் உபதேசியாரை அனுப்பினோம்.

அண்மையில் அவ்வழியே சென்றபோது கண்டோம். வாசல் நிலையில் மகனின் காகிதக் கொக்கு நூலில் ஆடுகிறது. கழுத்தை உள்ளிழுத்துக் கூனி நிற்கும்படி அவனே மாற்றி மடித்திருக்கிறான். கூரை இறவாணத்தில் கண்ணியும் செருகியே இருக்கிறது. அது மீண்டும் வயலுக்கு இறங்குமா என்பது அவர் ஒருவர் கையில் மட்டும் இல்லை. வாங்குவோர், பரிமாறுவோர், உண்போர் ஆகிய நம் அனைவர் கையிலும் இருக்கிறது.

தாளை மடிப்பது எளிது, அன்பர்களே. நாவை மடக்குவதே அரிது.