என் பிறந்த ஊர் விருப்பாச்சி

நான் வாழ்க்கைப்பட்டது திண்டுக்கல் டவுனில். பிறந்த ஊர் விருப்பாச்சி. ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி போகிற வழியில் இருக்கும் சின்னக் கிராமம். தெற்கே பழனி மலைத் தொடர். அங்கிருந்து இறங்கி வருவது நங்காஞ்சி ஆறு. மழைக்காலத்தில் தலையூத்து அருவியில் தண்ணீர் கொட்டும். மற்ற நாளில் பாறைதான். "உங்க ஊர்ல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன்.

முதலாவது, ஒரு தாயின் கதை. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், மகள் வெள்ளச்சியோடு அடைக்கலம் தேடி வந்தது எங்கள் பாளையத்துக்குத்தான். பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆதரித்தார்; ஹைதர் அலி படை உதவி செய்தார். 1780-ல் ராணி சிவகங்கையை மீட்டார். பிள்ளையை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் அந்நிய ஊரில்! பெற்றவர்களுக்குத்தான் அந்தத் தவிப்பு புரியும். கோபால நாயக்கரை 1801-ல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

இரண்டாவது, எங்கள் மலை வாழை. பழம் சின்னது, நீர்ச்சத்து குறைவு, அதனால் சீக்கிரம் கெடாது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்ததே இந்தப் பழம்தான். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து, மலையில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. என் தாத்தாவும் வாழையை வெட்டிவிட்டுக் காப்பிச் செடி வைத்தார். பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை உண்டாக்கிக் கொடுத்தார்கள். 2008-09-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

போன பொங்கலுக்கு அண்ணன், "மலைக்காட்டை வித்துடலாம், நீயும் ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றார். அவருக்கும் வயசாகிறது; மலையேற முடியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கை வரவில்லை. "அண்ணே, எனக்குப் பணம் வேண்டாம். ஒரு ஓரத்துல ஐம்பது நல்ல கன்னு வெச்சுப் பாருங்க, ரெண்டு வருஷம் போகட்டும்" என்றேன். யோசிக்கிறார்.

சகோதரிகளே, உங்கள் கொல்லை வாழையில் நுனி இலைகள் குறுகி, கொத்தாக நிமிர்ந்து நின்றால் அதுதான் முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சியும் நோய்க் கன்றும் அதைப் பரப்பும். கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள். அந்தக் குத்திலிருந்து அக்கம்பக்கத்தில் யாருக்கும் கன்று கொடுக்காதீர்கள்.