அளக்க முடிந்ததை மட்டும் தடை செய்யுங்கள்

மலிவான வகுப்பு ஒன்று வேண்டும் என்று அமெச்சூர் கார் பந்தயக்காரர்கள் கேட்காத வருஷம் கிடையாது. வகுப்பு தொடங்கும். முதல் பருவத்தில் வீட்டு கராஜில் தயாரான கார்கள் ஓடும். சில பருவங்களுக்குள் ஜெயிக்கிற காரின் செலவு, மேல் வகுப்பின் செலவை எட்டிப் பிடித்துவிடும். பந்தயக் கார்களைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியர் வேலை பார்ப்பவன் நான். இதற்கெல்லாம் காரணம் ஓட்டுபவர்களின் வெறி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. விதியை எழுதிய விதத்திலேயே பாதிச் செலவு உட்கார்ந்திருக்கிறது.

"இன்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும்" என்ற விதியை எடுத்துக்கொள்வோம். பார்க்க இதைவிடச் சிக்கனமான விதி இல்லை. ஆனால் தொழிற்சாலை வரைபடத்தில் ஒவ்வோர் அளவுக்கும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஓர் இடைவெளி உண்டு. வசதியுள்ளவர் பிஸ்டன்களையும் கனெக்டிங் ராட்களையும் பெட்டி பெட்டியாக வாங்கி, எடை போட்டு, ஒத்துப்போகும் நான்கைப் பொறுக்கி எடுப்பார். பிளாக்கையும் ஹெட்டையும் அனுமதித்த கடைசி எல்லை வரை கொண்டுபோய் நிறுத்துவார். புளூபிரிண்டிங் என்று இதற்குப் பெயர். வெளியில் வாங்கிய பாகம் ஒன்றுகூடக் கிடையாது, எந்தச் சோதனையிலும் தேறும். அந்தக் காருக்குப் பக்கத்திலேயே, ஷோரூமில் வாங்கிய இன்ஜினைப் பிரிக்கக்கூடக் காசில்லாமல் அப்படியே கொண்டுவந்த ஒருவர் நிற்பார். இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

விதியை மீறியவரைப் பிடிப்பதும் எளிதில்லை. எங்கள் ஊர்ப் பந்தயங்களில் நிறைய ஓடிய மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினைப் பாருங்கள். போர் என்கிற சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., ஸ்ட்ரோக் என்கிற பிஸ்டன் நகரும் தூரம் 75.5 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 325 சி.சி. கணக்குக்காக கம்ப்ரஷன் விகிதத்தை 9க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் 40.6 சி.சி. ஹெட்டின் அடிப்பரப்பை அரை மி.மீ. சீவினால் அதில் சுமார் 2 சி.சி. குறையும், 9 என்பது 9.4 ஆகிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கண்டுபிடிக்க ஹெட்டைக் கழற்ற வேண்டும். வால்வுகளை மூடி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி மேலே பொருத்தி, பியூரெட்டிலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்ப வேண்டும். ஒரே ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் கணக்கு தப்பும். பிறகு கேஸ்கெட்டின் தடிமன், பிஸ்டன் தலையின் பள்ளம் எல்லாம் சேர்க்க வேண்டும். இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் வெக்கையில், சூடு ஆறாத இன்ஜினில் நடக்கும். வாலண்டியர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது.

இப்படித் திறந்து பார்க்கச் சொல்லி சக போட்டியாளர் புரொடெஸ்ட் கொடுக்கலாம். அதற்கு அவர் பணம் கட்ட வேண்டும். சந்தேகம் பொய்யானால், இன்ஜினைப் பிரித்துக் கோத்த செலவும் அவர் தலையில் விழும். வீண் பொறாமையைத் தடுக்க இது தேவைதான். ஆனாலும் பாரம் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். ஒரு பையன் என்னிடம் வந்து சொன்னான்: "அண்ணே, அந்தக் கார்ல என்னமோ இருக்குன்னு எனக்குத் தெரியுது. புரொடெஸ்ட் போட்டுத் தோத்துட்டா அடுத்த ரவுண்டுக்கு டயர் வாங்கக் காசிருக்காது." நியாயம் கேட்பதற்கே அவனிடம் காசில்லை. விதிப்புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அவனுக்கு அது உதவாது.

இது நம்மூர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் மாஸ்டா மியாட்டா என்ற சிறிய திறந்த காரை வைத்து 'ஸ்பெக் மியாட்டா' என்ற வகுப்பை நடத்துகிறார்கள். செலவைக் குறைக்கவே பிறந்த வகுப்பு. 1.6 லிட்டர் பழைய காரும் 1.8 லிட்டர் புதிய காரும் சேர்ந்து ஓட, ஆண்டுக்கேற்ப எடை வேறு, காற்றை அடக்கும் ரெஸ்ட்ரிக்டர் தகடு வேறு என்று கவனமாகப் பிரித்திருந்தார்கள். 2014இல் லகுனா சேக்காவில் நடந்த தேசிய அளவிலான போட்டி முடிந்து ஹெட்களைக் கழற்றினால், முன்னால் முடித்த பலருடைய ஹெட்டில் அனுமதிக்கப்படாத இழைப்பு. தகுதிநீக்கம் செய்தார்கள். இத்தனைக்கும் விதியில் தடை தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அந்த இழைப்பைத் தேடி ஹெட்டின் உள்ளே பார்ப்பது வாராவாரம் நடக்காத வேலை என்பதுதான் பிரச்சினை. சோதிக்காத தடை, அதை மதிப்பவரிடம் மட்டும் வசூலிக்கும் அபராதம்.

சரி, தடுக்க முடியாததைத் திறந்துவிடலாமே என்பார்கள். அங்கேயும் செலவு காத்திருக்கிறது. அமெரிக்க ஆட்டோகிராஸில், அதாவது கூம்புகளுக்கிடையே ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் போட்டியில், 'ஸ்ட்ரீட்' வகுப்புகள் உண்டு. சாலைக் காரை அதிகம் மாற்றாமல் ஓட்டுவதற்கானவை. அதில் ஷாக் அப்சார்பரை மாற்ற அனுமதி இருக்கிறது. தேய்ந்த ஷாக்குக்குக் கம்பெனி ஷாக்கே வாங்கு என்று கட்டாயப்படுத்தாத நல்ல எண்ணம். விளைவு, முன்னணியில் இருப்பவர்கள் ஒரு பழைய காரின் விலைக்கு ஷாக் வாங்குகிறார்கள். அனுமதித்த எதுவும், ஜெயிக்க நினைப்பவருக்குக் கட்டாயமாகிவிடும்.

டயரில் இது இன்னும் வெளிப்படை. அதே வகுப்புகளில் மென்மையான பந்தய டயரை ஒழிக்க, பக்கவாட்டில் அச்சிட்ட தேய்மான எண் 200க்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். அந்த எண்ணைத் தீர்மானிப்பது டயர் கம்பெனியே. கொஞ்ச நாளில் 200 என்று அச்சிட்ட, வேகத்துக்கென்றே செய்த டயர்கள் கடைக்கு வந்துவிட்டன. அளவுகோலை அளக்கப்படுபவர் கையில் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? ஒரே கம்பெனியின் ஒரே டயர், ஒரு ரவுண்டுக்கு இத்தனைதான், ஒவ்வொன்றிலும் பார்கோடு என்று வைத்தால் அதைச் சரிபார்க்க எனக்கு ஸ்கேனர் ஒன்றும் சில நிமிஷமும் போதும்.

இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரே பொருள் என்பதன் பலனை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டவர் கோவை எஸ். கரிவர்தன் என்று நினைக்கிறேன். 1980களின் இறுதியில் அவர் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழகிய இன்ஜின். உதிரிபாகம் பெட்டிக்கடைச் சாமான் போல ஊர் ஊருக்குக் கிடைத்தது. எல்லோர் கையிலும் ஒரே கார் என்பதால் ஓட்டுபவரின் திறமை தனியாகத் தெரிந்தது. நரேன் கார்த்திகேயன் அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான், 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரில்தான் செட்டிப்பாளையத்து டிராக் இருக்கிறது. அதே வழியில் பின்னால் வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 காரில் இருப்பதும் சாலைக் காரான ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் இன்ஜின்.

ஒரே கார் இல்லாத வகுப்புகளில், ஜெயிப்பவர் காரில் எடை ஏற்றிச் சமன் செய்யும் முறையும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அது நன்றாக ஓட்டியதற்கும் சேர்த்துத் தண்டிக்கிறது.

எனக்குப் பிடித்த விதி '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்ற அமெரிக்கப் பந்தயத்தில் இருக்கிறது. கார் 500 டாலருக்குள் இருக்க வேண்டும். ரோல் கேஜ், சீட், பெல்ட், பிரேக் போன்ற பாதுகாப்புச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. பந்தயத்தை நடத்துபவர்கள் அந்த விலைக்கே காரை வாங்கிக்கொள்ள உரிமையும் உண்டு. ரசீதை நம்ப வேண்டாம், இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். நம் டூரிங் கார் வகுப்புகளில் முழுக் காருக்கு வேண்டாம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவுக்கும் ஷாக்குக்கும் மட்டும் இதைக் கொண்டுவரலாம். பந்தயம் முடிந்ததும் அறிவித்த விலையைக் கொடுத்து யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றால், ரகசியத்துக்குக் கொட்டும் பணம் தானாகக் குறையும்.

விதி எழுதுபவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், எந்தக் கருவியால், எத்தனை நிமிஷத்தில், யார் செலவில் சோதிப்பது என்று எழுதுங்கள். எழுத முடியாத வரியை எடுத்துவிடுங்கள். எழுதியதை மூன்று பருவத்துக்கு மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் யாரோ ஒருவர் கடன் வாங்கிச் செய்த பாகத்தைக் குப்பைக்கு அனுப்புகிறது. முதல் மூன்று கார்களோடு, குலுக்கலில் வரும் இன்னொரு காரையும் ஒவ்வொரு ரவுண்டிலும் நடத்துபவர் செலவிலேயே திறந்து பாருங்கள். அடுத்த பருவத்துக்கான விதிக் குழு கூடும்போது, கிரிட்டின் கடைசி வரிசையிலிருந்து ஓட்டுபவர் ஒருவருக்கும் அதில் இடம் கொடுங்கள்.